மூன்று நிற அட்டை, ஒரு ஓட்டு: பர்மாத் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் பெற்றோர் வந்து பேசுவது பெரும்பாலும் அடையாள அட்டையைப் பற்றித்தான். தமிழ்நாட்டு உறவினர்கள் போன் செய்தால் கேள்வி வேறு மாதிரி வரும்: "உங்க ஊர்ல தேர்தல் நடந்துச்சாமே, இனிமே சரியாயிடுமா?" இரண்டும் வேறு வேறு கேள்வி போலத் தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் ஒரு அட்டை இருக்கிறது. அந்த அட்டையை யார் தருகிறார்கள், எதைக் கேட்டுத் தருகிறார்கள், மறுத்தால் எங்கே போய் முறையிடுவது என்பதைப் பார்த்தால் ஒரு நாட்டின் ஜனநாயகம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் வக்கீல் இல்லை. நாற்பது வருடமாக இந்தக் காகிதங்களோடு அலைந்தவன். அந்த அனுபவத்தோடும், சட்டத்தைப் படித்த அளவோடும் எழுதுகிறேன்.

பர்மாவில் குடியுரிமை மூன்று வகை என்கிறார்களே, அது என்ன?

1982 அக்டோபர் 15ஆம் தேதி வந்த குடியுரிமைச் சட்டம் நாட்டு மக்களை மூன்றாகப் பிரித்தது. முழுக் குடிமகனுக்கு ரோஸ் நிற அட்டை. 1948ஆம் வருடச் சட்டப்படி விண்ணப்பித்து, 1982 வரை முடிவு வராமல் காத்திருந்தவருக்கு நீல அட்டை. இவரை இணைக் குடிமகன் என்கிறார்கள். 1948 ஜனவரி 4, அதாவது சுதந்திர நாளுக்கு முன்பே இங்கே வந்து தங்கியவருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும், உறுதியான ஆதாரம் காட்டினால் பச்சை அட்டை. இது வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவருக்கான அட்டை. நம் ஆட்களில் மூன்று நிறமும் உண்டு. ஒரே வீட்டில் மூன்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

என் தாத்தாவிடம் பச்சை அட்டையும் பாட்டியிடம் ரோஸ் அட்டையும் இருக்கின்றன. அப்படியானால் பாட்டி முழுக் குடிமகள்தானே?

நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது 1982க்கு முந்தைய பழைய மூன்று மடிப்பு அட்டை. அந்தக் காலத்தில் ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு ரோஸ் என்று கொடுத்தார்கள். நிறத்துக்கும் குடியுரிமை வகைக்கும் அப்போது சம்பந்தமே இல்லை. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், எந்த வருடத்து அட்டை, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம். இன்னும் ஏன் எல்லோரும் முழுக் குடிமக்கள் ஆகவில்லை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1982 சட்டம் போட்ட கோடு 1823ஆம் வருடம். அதற்கு முன்பே இந்த மண்ணில் நிலையாகக் குடியிருந்த இனங்கள்தான் மண்ணின் இனங்கள் என்கிறது சட்டம். ஏன் 1823? முதல் ஆங்கில-பர்மியப் போர் 1824இல் தொடங்கியது. வெள்ளைக்காரனோடு வந்தவர் எவரும் உள்ளே வரக் கூடாது என்றுதான் அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் முன்னோர் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவர்கள். நெல் அறுக்க, மூட்டை தூக்க, ரயில் பாதை போட, கணக்கு எழுத, வட்டிக்குக் கொடுக்க என்று வந்தவர்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்தான்.

அதே பத்து வருடத்தில் உலகமெங்கும் விலை சரிந்து, நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் வட்டிக்கடைகளுக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இதை மறைத்துப் பேசக் கூடாது. பர்மியர்களுக்கு நம்மேல் வந்த கோபத்துக்கு ஒரு நிஜமான வேர் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தின் விலையைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஒரு ஏக்கர் நிலமும் இல்லாத கூலிக்காரர்கள். 1930இலும் 1938இலும் ரங்கூன் கலவரங்களில் வெட்டுப்பட்டவர்கள் அவர்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அசாம் வரை காட்டு வழியாக நடந்து, வழியிலேயே செத்தவர்களும் அவர்கள்தான்.

அப்புறம் சுதந்திரம் வந்தது. 1947 அரசியல் சட்டம் தாராளமாகத்தான் இருந்தது. பத்து வருடத்தில் எட்டு வருடம் இங்கே வசித்திருந்து, இங்கேயே இருக்க விரும்பினால் குடியுரிமை கேட்கலாம். 1948 சட்டமும் இரண்டு தலைமுறை இங்கே வாழ்ந்து, தானும் தாய்தகப்பனும் இங்கேயே பிறந்திருந்தால் குடிமகன் என்றது. இன இரத்தத்தைப் பற்றி மட்டும் பேசாமல் பிறந்த இடத்தையும் வாழ்ந்த வருடத்தையும் பார்த்த சட்டம் அது. என் தாத்தா தட்டோன் பக்கம் வயலில் வேலை செய்தவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. மனுப் போட வேண்டும் என்று சொன்னவர் யாரும் இல்லை. சொன்னபோது 1942இல் எரிந்துபோன காகிதங்களைக் கேட்டார்கள். "என்றைக்காவது ஊருக்குப் போய்விடுவோம்" என்ற நினைப்பும் அவருக்கு இருந்தது. அதனால் வெளிநாட்டவர் பதிவுச் சான்று ஒன்றை வாங்கிக்கொண்டு, வருடா வருடம் போய்ப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். சாகும்வரை வெளிநாட்டுக்காரர். அவர் நட்ட தென்னை இன்னும் காய்க்கிறது.

1962 மார்ச் 2ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகள் தேசியமயம் ஆயின. அதே வருடம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் இருப்பதும், மணிப்பூரின் மோரே ஊரில் தமிழ்க் கோயில் இருப்பதும் அந்த வருடங்களின் மிச்சம். மோரேயில் இருப்பவர்கள் திரும்பவும் பர்மாவுக்கே நடந்து போக வந்து, எல்லையில் நின்றுவிட்டவர்கள்.

போகாமல் இருந்தவர்களுக்குத்தான் 1982 சட்டம். சட்டம் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நெ வின் பேசிய பேச்சு பதிவாகியிருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளை முழுக்க நம்ப முடியாது, நாட்டின் தலைவிதியை முடிவு செய்யும் பதவிகளை அவர்களுக்குத் தர முடியாது, பேரப்பிள்ளை காலத்தில் சரியாகிவிடும் என்பதுதான் அதன் சாரம். சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது: மூன்றாம் தலைமுறை முழுக் குடிமகன் ஆக வேண்டும். ஆனால் முதல் தலைமுறைக்குச் சான்று இருந்தால்தான் மூன்றாம் தலைமுறை என்ற கணக்கே தொடங்கும். என் தாத்தாவைப் போன்றவர்களின் பிள்ளைகள் சிக்கிக்கொண்டது அங்கேதான்.

அந்தச் சட்டத்தில் எது மோசம்? 1823 என்ற வருடமா?

பலரும் அப்படித்தான் சொல்வார்கள். என் கணிப்பில் மோசமானது பிரிவு 71. இந்தச் சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற அமைப்புகள் தங்கள் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அது. முடிவெடுக்கும் மத்தியக் குழுவில் இருப்பவர்கள் யார்? உள்துறை அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், வெளியுறவு அமைச்சர். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் அமைச்சரவைக்குப் போகலாம். அதன் முடிவே இறுதி. நீதிபதி என்ற ஆள் இந்த வழியில் எங்கும் வரவே இல்லை. பிறப்பால் குடிமகன் ஆனவரைத் தவிர மற்ற யாருடைய குடியுரிமையையும் நாட்டு நலனைக் காட்டி ரத்து செய்யலாம் என்று பிரிவு 8 சொல்கிறது.

காரணம் சொல்லாத அலுவலகம் மனிதரை என்ன செய்யும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு அட்டை எடுக்கப் போனேன். நானும் என் மனைவியும் பச்சை அட்டை, எங்கள் பெற்றோரும் பச்சை அட்டை. சட்டப்படி அவளுக்கு ரோஸ் அட்டை கிடைக்க வேண்டும். முதல் தடவை தாத்தாவின் சான்று கேட்டார்கள், கொடுத்தேன். அடுத்த தடவை அசல் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கடுத்த தடவை கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். எங்கே மேலே, ஏன் போனது, எப்போது வரும் என்று எதற்கும் பதில் இல்லை. மூன்று வருடம் ஆனது. பள்ளியிறுதித் தேர்வில் தேறிய பிள்ளை, மேலே சேர அட்டை இல்லாமல் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒருநாள் அட்டை வந்தது. ஏன் தாமதம் என்றும் சொல்லவில்லை, ஏன் இப்போது தந்தார்கள் என்றும் சொல்லவில்லை. காரணம் தெரியாததால் மறுத்தபோது எதிர்த்துப் பேச முடியவில்லை. தந்தபோது அடுத்த வீட்டுக்காரருக்கு "இப்படிச் செய்யுங்கள்" என்று வழி சொல்லவும் முடியவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, கெஞ்சிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். லஞ்சம் வளர்வதும் இந்த இருட்டில்தான்.

பச்சை அட்டைக்காரர் ஓட்டுப் போடலாமா? தேர்தலில் நிற்கலாமா?

2010 தேர்தல் சட்டங்களின்படி மூன்று நிற அட்டைக்காரர்களும் ஓட்டுப் போடலாம் என்று இருந்தது. நிற்பது வேறு கதை. 2008 அரசியல் சட்டத்தின் பிரிவு 120படி, வேட்பாளர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது. அவருடைய தாய், தகப்பன் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அதாவது என் மகளுக்கு ரோஸ் அட்டை கிடைத்த பிறகும் அவளுடைய தாய்தகப்பன் அட்டையின் நிறம் அவளைத் தொடரும். ஓட்டுப் போட வரலாம், ஓட்டு வாங்க வரக் கூடாது என்றால் அந்தக் குடியுரிமை பாதிதான்.

2021இல் என்ன நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

2008இலிருந்து தொடங்கினால்தான் புரியும். அந்த வருடம் மே 2ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் டெல்டாவை அடித்துக்கொண்டு போனது. செத்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒரு லட்சத்துக்கு மேல். பிணங்கள் வாய்க்காலில் மிதந்துகொண்டிருந்தபோதே மே 10ஆம் தேதி புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்தச் சட்டத்தில் நாடாளுமன்ற இடங்களில் 25 சதவீதம் ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ராணுவம் சம்மதிக்காமல் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களுக்கும் ஆளைத் தருவது தலைமைத் தளபதி.

இவ்வளவு பூட்டுப் போட்ட பிறகும் மக்கள் 2015இலும் 2020இலும் ஆங் சான் சூ கீயின் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். 2020 நவம்பர் 8ஆம் தேதி நடந்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு 476 இடங்களில் 396. ராணுவத்துக்கு வேண்டிய கட்சிக்கு 33. வாக்காளர் பட்டியலில் மோசடி என்றது ராணுவம். ஆதாரம் இல்லை என்றது தேர்தல் ஆணையம். புதிய நாடாளுமன்றம் கூட இருந்த 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலையில் கைது தொடங்கியது.

இதில் ஒரு விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவசரநிலையை அறிவிக்கும் அதிகாரம் சட்டப்படி ஜனாதிபதிக்குத்தான். அதனால் ஜனாதிபதி வின் மியின்ட்டைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, ராணுவம் நியமித்த துணை ஜனாதிபதியைத் தற்காலிக ஜனாதிபதி ஆக்கி, அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு ஆறு ஆறு மாதமாக நீட்டி, 2025 ஜூலை 31 வரை அவசரநிலை ஓடியது. சாதாரணமாக இரண்டு தடவைதான் நீட்டலாம் என்று அவர்களே எழுதிய சட்டம் சொல்கிறது.

கோர்ட்டுக்குப் போக முடியாதா?

கோர்ட்டுகள் இருக்கின்றன. இங்கே நடப்பது பெரும்பாலும் நம் ஊர்ச் சட்டம்தான் என்று தெரிந்தால் தமிழ்நாட்டு உறவினர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மெக்காலே எழுதிய 1860ஆம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டம்தான் இன்றும் பர்மாவின் தண்டனைச் சட்டம். கொலைக்கு 302, ஏமாற்றுக்கு 420. கூட்டம் கூடத் தடை போட்டால் அதற்கும் 144தான். இந்தியா 2024 ஜூலையில் அந்தப் பழைய எண்களை விட்டுவிட்டது. இங்கே அப்படியே இருக்கின்றன, வெள்ளைக்காரன் வைத்த ராஜத்துரோகப் பிரிவு உட்பட.

ஆட்சி கவிழ்ந்த இரண்டே வாரத்தில் அதோடு 505ஏ என்று புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பயத்தை உண்டாக்கும் பேச்சு, பொய்ச் செய்தி என்று அரசு கருதினால் மூன்று வருடம் வரை சிறை. முகநூலில் எழுதியதற்கு எத்தனையோ பேர் இந்தப் பிரிவில் போனார்கள். வாரண்டு இல்லாமல் வீட்டுக்குள் நுழையாதபடி 2017ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தந்திருந்தது. அந்தப் பிரிவுகளை நிறுத்திவைத்தார்கள். இரவில் விருந்தாளி தங்கினால் வட்டார அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்ற பழைய வழக்கம் திரும்ப வந்தது. மோல்மேனிலிருந்து அத்தை வந்து இரண்டு நாள் தங்கினாலும் பெயர் கொடுக்க வேண்டும். அட்டை இல்லாதவர் எந்தப் பெயரைக் கொடுப்பார்? அதனால் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அவர்கள் வராமல் இருந்துவிடுகிறார்கள்.

2021 மார்ச்சில் ஹிலைங் தாயா போன்ற ரங்கூனின் சில புறநகர்களில் ராணுவச் சட்டம் போட்டார்கள். அங்கே சாதாரண ஆட்களின் வழக்கும் ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஜூலையில் நால்வருக்குத் தூக்கு நிறைவேற்றினார்கள்; அவர்களில் ஒருவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ ஜேயா தோ. பல பத்தாண்டுகளாக இந்த நாட்டில் தூக்கு நிறைவேறியது இல்லை.

சரி, 2025 டிசம்பரில் தேர்தல் நடந்ததே. அது மாற்றம் இல்லையா?

2025 டிசம்பர் 28, 2026 ஜனவரி 11, ஜனவரி 25 என்று மூன்று கட்டமாக நடந்தது. ஓட்டு இயந்திரமும் வைத்தார்கள். ஆனால் முந்தைய இரண்டு தேர்தலிலும் ஜெயித்த கட்சி சீட்டிலேயே இல்லை. 2023 மார்ச்சில் அதன் பதிவைக் கலைத்துவிட்டார்கள். தேர்தல் நடந்தபோது அதன் தலைவர் சிறையில் இருந்தார். சண்டை நடக்கும் பல நகரங்களில் ஓட்டே இல்லை. தேர்தலைக் குலைத்தால் கடும் தண்டனை என்று 2025 ஜூலையில் ஒரு சட்டமும் வந்திருந்தது. ஓட்டுப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சை அட்டையோடு வாழ்கிற குடும்பம், பட்டியலில் பெயர் இருந்தும் வரவில்லை என்ற பேச்சுக்குப் பயப்படத்தான் செய்யும். பயத்தில் போடும் ஓட்டை மக்களின் தீர்ப்பு என்று நான் எண்ணமாட்டேன், அவ்வளவுதான்.

ரோஹிங்கியா விஷயத்தைத் தமிழ் வகுப்பில் ஏன் பேசுகிறீர்கள்? நமக்கு எதற்கு வம்பு?

இதை என்னிடம் நேராகவே கேட்ட பெரியவர்கள் உண்டு. மரியாதையோடு அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ரோஹிங்கியாக்கள் மேற்குப் பர்மாவின் முஸ்லிம் சிறுபான்மையினர். அவர்களுக்கு நடந்ததைக் காகிதம் காகிதமாகப் பாருங்கள். 1950களில் அவர்களுக்கு ஓட்டு இருந்தது, நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களும் இருந்தார்கள். நம் தாத்தா பாட்டி வைத்திருந்த அதே மூன்று மடிப்பு அட்டையை அவர்களும் வைத்திருந்தார்கள். 1980களின் கடைசியில் "புதிய அட்டை தருகிறோம், பழையதைக் கொடுங்கள்" என்று பலரிடம் வாங்கிக்கொண்டார்கள். புதியது வரவில்லை. 1990களில் ஒரு வெள்ளை அட்டை வந்தது, தற்காலிகம் என்று. 2010இல் அந்த வெள்ளை அட்டையை வைத்து ஓட்டும் போட்டார்கள். 2015 மார்ச் 31ஆம் தேதியோடு வெள்ளை அட்டை செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த வருடத் தேர்தலில் ஓட்டும் இல்லை. 2017 ஆகஸ்ட் 25க்குப் பிறகு சில மாதங்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

ராணுவம் அவர்களுடைய ஊர்களுக்குத் தீ வைத்தது 2017இல். அதற்கு முப்பது வருடம் முன்பே, ஒரு அலுவலக மேசையில், ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் தராமல் இருந்ததில் அது தொடங்கிவிட்டது. நானும் அதே மாதிரி மேசைக்கு முன்னால்தான் நின்றேன். கேட்பதற்கு அதே சட்டம், காரணம் சொல்லாமல் இருக்க அதே பிரிவு 71. நமக்கும் அதே கதி வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம்முடைய நிலைமை அவர்களுடையதை விட எவ்வளவோ மேல். அவர்களுக்கு நியாயம் இல்லாத சட்டத்தில் நமக்கு மட்டும் நியாயம் கேட்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரி 10ஆம் தேதி கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. குடிமக்களுக்கான சட்டம் அது. ஆனால் குடிமக்களே இல்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்த ரோஹிங்கியா இளைஞர்களையும் முகாம்களிலிருந்து பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். ஓட்டுக்கு அந்நியர், சாவதற்கு நம்மவர். இதைக் கேட்டுவிட்டு வகுப்பில் சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

காம்பியா நாடு 2019 நவம்பரில் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குப் போட்டது. 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் சின்ன நாடு வழக்குப் போட, பக்கத்து நாடுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆங் சான் சூ கீயின் ஜனநாயகக் கட்சி ஆட்சியில் இருந்தபோது 1982 சட்டத்தை மாற்றியிருக்கலாமே?

மாற்றியிருக்கலாம். அரசியல் சட்டத்தைத் திருத்தத்தான் 75 சதவீதம் வேண்டும். குடியுரிமைச் சட்டம் சாதாரணச் சட்டம். பெரும்பான்மை போதும், அது அவர்களிடம் இருந்தது. ஐ.நா. முன்னாள் பொதுச்செயலாளர் கோபி அன்னான் தலைமையிலான குழு 2017 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கை அந்தச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. கேட்கவில்லை. 2015 தேர்தலில் அந்தக் கட்சி ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. 2019 டிசம்பரில் ஆங் சான் சூ கீயே ஹேக் போய் நாட்டுக்காக வாதாடினார். அவர் படத்தை வீட்டில் மாட்டியிருந்தவன் நான். அன்றைக்கு எனக்கு வலித்தது. 2021இல் அவரைச் சிறையில் அடைத்ததும் வலிக்கிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன.

ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூன் 3ஆம் தேதி ஒரு அறிக்கை வெளியிட்டது. 1982 சட்டத்தை எடுத்துவிட்டு, இந்த நாட்டில் பிறந்தாலோ குடிமக்களுக்குப் பிறந்தாலோ குடியுரிமை என்று புதுச் சட்டம் கொண்டுவருவோம் என்றது. பர்மிய அரசியலில் இந்தப் பேச்சு இதற்கு முன் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. தாங்களே அடிபட்ட பிறகுதான் பல பர்மிய இளைஞர்களுக்கு மற்றவர்கள் பட்ட அடி தெரிந்தது. அவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டார்கள்.

மற்ற நாட்டுத் தமிழர்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

இலங்கை மலையகத்தைப் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. அடுத்த வருடமே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். ஏறக்குறைய ஏழு லட்சம் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் ஓட்டும் போனது. கோடக்கன் பிள்ளை என்பவர் பெயரில் ஒரு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் என்ற கடைசி மேல்முறையீட்டு மன்றம் வரை போனது. 1953இல் அங்கேயும் கைவிட்டார்கள்: யார் குடிமகன் என்று முடிவு செய்வது அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் உரிமை என்று தீர்ப்பு. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். நம் ஆட்கள் ரங்கூனில் கப்பலேறிக்கொண்டிருந்த அதே வருடம். மலையகத்தில் கடைசி முடிச்சு அவிழ 2003ஆம் வருடச் சட்டம் வர வேண்டியிருந்தது. தொழிற்சங்கம் இருந்ததால்தான் அங்கே அது நடந்தது. ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வாழ்ந்தவர்கள் சேர்ந்து கேட்டார்கள், மொத்தமாக வாங்கினார்கள். நாம் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறோம்.

தென்னாப்பிரிக்காவில் 1961 வரை இந்தியர்களை அந்த மண்ணின் நிரந்தர மக்கள் என்றே அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1984இல் வெள்ளையர் அரசு, கறுப்பின மக்களை வெளியே வைத்துவிட்டு, இந்தியர்களுக்கும் கலப்பின மக்களுக்கும் தனித்தனி அவைகளைத் தந்தது. டர்பன் தமிழர்கள் உட்படப் பெரும்பாலோர் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அடுத்தவனுக்கு இல்லாத ஓட்டு எனக்கு வேண்டாம் என்றார்கள். 1994இல் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று போட்டார்கள். அந்த ரோஹிங்கியா கேள்விக்கு நான் கடைசியாகச் சொல்லும் பதில் இதுதான்.

இவ்வளவு கஷ்டத்துக்கு இந்தியாவுக்கே போய்விடலாமே?

2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும்தான் உண்டு. பர்மாவும் இல்லை, இலங்கையும் இல்லை. அது ஒரு பக்கம். போக வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குக் காவடி எடுப்பதும், காலையில் மொகிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுவதும் எனக்கு ஒரே ஊர்தான்.

பிள்ளைக்குப் பர்மியப் பெயர் வைத்தால் அட்டை வேலை சுலபமா?

பலர் வைக்கிறார்கள். அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் தகப்பன் பெயரும் உண்டு, இனம், மதம் என்று வரியும் உண்டு. தகப்பன் முருகையா என்று இருந்தால் பிள்ளையின் பெயர் எதுவானாலும் கேள்வி வரத்தான் செய்யும். நாட்டின் 135 இனங்கள் என்ற பட்டியலில் தமிழர் இல்லை. ஆகவே அந்த வரியில் கலப்பு இரத்தம் என்றோ இந்தியர் என்றோ எழுதுவார்கள். என்ன எழுதினாலும், வாங்கும்போதே எழுத்துப் பிழை பாருங்கள். ஒரு எழுத்து மாறினால் பின்னால் வீட்டுப் பட்டியலோடு ஒத்துப்போகாது.

பாட்டியின் பழைய அட்டை கிழிந்து எழுத்தே தெரியவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். எண் ஒன்று தெரிந்தாலும் போதும், வைத்திருங்கள். மூன்று மடிப்பு அட்டை, வெளிநாட்டவர் பதிவுச் சான்று, வருடா வருடம் புதுப்பித்த ரசீது, வீட்டுப் பட்டியல், பள்ளிச் சான்று, ஆஸ்பத்திரிப் பிறப்புச் சீட்டு எல்லாமே கூடத்தான். இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். 2025 மார்ச் 28 பூகம்பத்தில் வீட்டோடு காகிதமும் போனவர்கள் இருக்கிறார்கள். அசலைக் கேட்டால் கொடுத்ததற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பிள்ளைக்குப் பத்து வயது ஆனதும் முதல் அட்டைக்குப் போங்கள், 18 வயது வரை தள்ளிப்போடாதீர்கள். தனியாகப் போக வேண்டாம், விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆள் யாரும் இல்லையென்றால் ஞாயிறு வகுப்பு முடியும் நேரத்தில் மண்டபத்துக்கு வாருங்கள், நான் வருகிறேன்.